முத்தோரைக்கும் செவ்வாய்க்கும் இடையே காதல் ஏன் ஒட்டவில்லை?

உங்கள் அறிவியல் காதல் நாவலில் நாயகி ஊட்டி அருகே முத்தோரையில், வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் வேலை பார்க்கிறாள்; நாயகன் செவ்வாயில் இருக்கிறான். ஏழாம் அத்தியாயத்தில் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் காட்சியை எடுத்துவிடுங்கள். "அறிவியல் தனி, காதல் தனி" என்று உங்கள் தோழி குறைசொல்வதற்குக் காரணம் அநேகமாக அதுதான்.

செவ்வாயிலிருந்து ஒரு சொல் பூமிக்கு வர, கோள்களின் இடைவெளியைப் பொறுத்து, ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். கேட்டதற்குப் பதில் வர இருமடங்கு. அதற்குள் ஊட்டிக் குளிரில் தேநீர் ஆறிவிடும். கோபத்தில் அனுப்பிய சொல்லை மன்னிப்பு துரத்தலாம், முந்த முடியாது. இவ்வகை நாவல்களை நான் தேடிப் படிப்பதே இதற்காகத்தான்: சாதி, வீட்டார் எதிர்ப்பு என்ற பழைய தடைகள் இருந்த இடத்தில் ஒளியின் வேகம் வந்து நிற்கிறது. அதனிடம் யார் போய்ச் சமாதானம் பேசுவது? நிலம் குறிஞ்சி, ஒழுக்கம் முல்லையின் காத்திருப்பு. திணைமயக்கம் நமக்குப் புதிதா என்ன!

ஒரு சோதனை. காதல் காட்சி ஒன்றில் செவ்வாயை எடுத்துவிட்டுத் துபாயை வைத்துப் படியுங்கள். ஒரு வசனமும் மாறாமல் ஓடினால், அங்கே அறிவியல் வெறும் திரைச்சீலை.

ஓர் எச்சரிக்கை: 1970 முதல் இயங்கும் முத்தோரை வானொலித் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம் இருந்தாலும், அலைகளை வாங்குமே தவிர அனுப்பாது. அவள் அங்கிருந்து அவனுக்குச் செய்தி அனுப்புவதாக எழுதியிருப்பது பிழை. அவள் செய்தி வேறு நிலையம் வழியாகப் போகட்டும். அத்தனை பெரிய காதின் அருகே வேலை பார்த்தும், அவனுக்கு ஒரு சொல் அனுப்ப அவள் இன்னொருவரைக் கேட்டு நிற்கட்டும்.