கையெழுத்துக்குப் பிறகும் உடல் அவருடையதுதான்: வாசகர் கேள்விகள்

பால்வினை நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு காட்சி பழக்கமானது. உள்ளே வருபவர் முதல் பத்து நிமிடம் "நண்பருக்காகக் கேட்கிறேன் டாக்டர்" என்றுதான் பேசுவார். நீலப்படத் தொழில் பற்றி வந்த கடிதங்களும் அப்படித்தான் இருந்தன. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை, சிலவற்றில் ஊரும் இல்லை. கேள்விகள் அதிகமும் அமெரிக்கத் தொழிலைச் சுற்றியே இருந்ததால் என் பதில்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன. நம் ஊர்ச் சட்டம் எங்கே குறுக்கிடுகிறதோ அங்கே அதையும் சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவில் நடிப்பவர்களுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்துவிடுகிறார்களாமே. அப்படியென்றால் அவர்களுக்கு நோய் வர வழியில்லைதானே? — பெயர் வேண்டாம், ஈரோடு

வழி இருக்கிறது. டெஸ்ட் முடிவு, ரத்தம் எடுத்த நாளைப் பற்றித்தான் பேசும். மறுநாளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

1998-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகைகள் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்த அதிர்ச்சியில்தான், அதே தொழிலில் நடித்திருந்த ஷரன் மிட்செல் 'எய்ம்' என்ற மருத்துவ அமைப்பைத் தொடங்கினார். மாதம் ஒருமுறை பரிசோதனை என்பது வழக்கமானது. அப்படியும் 2004-இல் ஒரு நடிகர், பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்த பிறகு படப்பிடிப்புகளுக்குப் போனார். அடுத்த பரிசோதனையில் தொற்று தெரிந்தபோது அவருடன் நடித்தவர்களில் மூன்று பெண்களுக்கு அது போயிருந்தது. 2013-இல் மீண்டும் தொற்றுகள் வரவே, 28 நாள் இடைவெளி 14 நாளாகக் குறைந்தது. 14 நாளும் போதாது என்பதை 2014 காட்டியது. 14 நாளுக்குள் எடுத்த 'நெகட்டிவ்' முடிவோடு நடித்த ஒருவரிடமிருந்து உடன் நடித்த ஒருவருக்கும், வெளியே அவருடன் உறவில் இருந்த ஒருவருக்கும் எச்.ஐ.வி. பரவியதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே 2016-இல் பதிவு செய்தது.

காரணம் நாங்கள் சொல்லும் 'விண்டோ பீரியட்', அதாவது தொற்றியும் டெஸ்ட்டில் தெரியாத இடைவெளி. வைரஸின் மரபுப் பொருளை நேரடியாகத் தேடும் மிகக் கூர்மையான பரிசோதனைகூட, தொற்றிய 10 முதல் 33 நாள் கழித்துத்தான் அதைக் கண்டுபிடிக்கும். விரலில் குத்தி எடுக்கும் சாதாரண டெஸ்ட்டுக்கு 90 நாள் வரை ஆகலாம்.

எச்.ஐ.வி. மட்டுமே பயம் என்று நினைக்காதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 168 நடிகர் நடிகையரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. அவர்களில் 28 சதவீதம் பேருக்கு கொனோரியா அல்லது கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இருந்தது. தொண்டையிலும் ஆசனவாயிலும் இருந்த தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டவில்லை. சிறுநீரை மட்டும் சோதித்திருந்தால் தொற்று இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போயிருப்பார். இதைப் படிக்கும் இளம் மருத்துவர்கள் நம் ஊர் நோயாளிகளிடமும் தொண்டையைப் பற்றிக் கேளுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று என் மனதை விட்டு இன்றும் அகலவில்லை. 2011-இல் அந்தத் தொழிலின் பரிசோதனைப் பதிவுகள் கசிந்து, 12,000-க்கும் மேற்பட்ட நடிகர் நடிகையரின் உண்மைப் பெயர்கள் ஓர் இணையதளத்தில் ஏறின. சிலரின் வீட்டு முகவரிகூட அதில் இருந்தது. நோயிலிருந்து காத்துக்கொள்ள ரத்தம் கொடுத்தவர்களை அந்த ரத்தச் சீட்டே காட்டிக்கொடுத்துவிட்டது. எய்ம் அந்த ஆண்டே மூடப்பட்டது. பின்னால் வந்த 'பாஸ்' என்ற ஏற்பாட்டில் தயாரிப்பாளரின் திரையில் நோயின் பெயர் தெரியாது. இவர் இன்று வேலைக்கு வரலாமா, வரக்கூடாதா என்பது மட்டும்தான் தெரியும். ரகசியம் காப்பது மருத்துவத்தின் பாதி என்று நினைப்பவன் நான். அந்த மாற்றத்துக்கு இத்தனை பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்ததே என்ற வருத்தம் இருக்கிறது.

ஆணுறையைச் சட்டப்படி கட்டாயமாக்கினால் போதாதா? — ராஜபாளையம் வாசகர்

கட்டாயமாக்கித்தான் பார்த்தார்கள். 2012 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி மக்கள் 'மெஷர் பி' என்ற விதிக்கு வாக்களித்து அதை நிறைவேற்றினார்கள். அதன்பின் அங்கே முறையாக அனுமதி வாங்கி எடுக்கும் படப்பிடிப்புகள் வெகுவாகக் குறைந்தன. லாஸ் வேகாஸ் போன்ற இடங்களுக்கு வேலை நகர்ந்தது. 2016-இல் இதையே கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும் கொண்டுவர முயன்ற 'ப்ராப் 60' என்ற முன்மொழிவு மக்கள் வாக்கில் தோற்றுவிட்டது.

அதை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர்கள் நடிகைகளே. மணிக்கணக்கில் நீளும் படப்பிடிப்பில் உறையின் உராய்வே புண்ணாக்குகிறது, புண் வழியாகத் தொற்று சுலபமாக நுழையும் என்றார்கள். மருத்துவ ரீதியாக அதில் நியாயம் உண்டு. அவர்களின் பெரிய பயம் வேறு. படத்தில் உறை தெரியாவிட்டால் மாநிலத்தில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்றது அந்த வரைவு. தன்னைப் பின்தொடரும் ஒரு வெறியன் வழக்கு என்ற பெயரில் தன் உண்மைப் பெயரையும் முகவரியையும் தெரிந்துகொள்வானே என்று அஞ்சினார்கள்.

நான் ஆணுறையின் பக்கம் நிற்பவன். தினமும் அதைத்தான் சொல்கிறேன். ஆனாலும் வேலை செய்பவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் காப்பாற்றக் கிளம்பும் சட்டத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. தினமும் போடும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்கு அமெரிக்கா 2012-இலேயே அனுமதி தந்துவிட்டது. உறை, மாத்திரை, அடிக்கடி பரிசோதனை மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வேலையில் ஒருவருக்கு ஓரளவு காப்பு. அந்தப் பரிசோதனைச் செலவையும் பெரும்பாலும் நடிப்பவரே ஏற்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. சுரங்கத் தொழிலாளியிடம் தலைக்கவசத்துக்குக் காசு கேட்பார்களா?

என் அக்கா மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். ஒன்லிஃபேன்ஸில் லட்சக்கணக்கில் வருகிறது என்று தோழி ஒருத்தி கூப்பிடுகிறாளாம். என்ன சொல்லித் தடுப்பது? — ஒரு மாமா, திருச்சி

முதலில் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள். கணக்கை எடுத்து எதிரே வையுங்கள்.

ஒன்லிஃபேன்ஸ் என்பது தாங்களே எடுத்த படங்களை ரசிகர்களுக்குக் காசுக்குக் காட்டும் தளம். 2023 நிதியாண்டில் ரசிகர்கள் அதில் செலவிட்டது சுமார் 660 கோடி டாலர். தளம் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ள, கணக்கு வைத்திருந்த ஏறத்தாழ 41 லட்சம் பேருக்குப் போனது சுமார் 530 கோடி. வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,290 டாலர், அன்றைய மதிப்பில் மாதம் 9,000 ரூபாய் அளவு. இதுவும் சராசரிதான். மேலே இருக்கும் சிலர் அள்ளிக்கொண்டு போவதால் கீழே இருக்கும் பெரும்பாலோருக்கு இந்த 9,000-மும் கிடைக்காது. அதே ஆண்டு முதலாளி லாப ஈவாக எடுத்தது மட்டும் 47 கோடி டாலருக்கு மேல்.

அடுத்தது சட்டம். அமெரிக்காவில் வயது வந்தோர் தம் சம்மதத்தோடு செய்யும் இந்த வேலை, இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவின் கீழ் குற்றமாகலாம். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டுவதை இணையத்தில் வெளியிட்டால் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். தானே விரும்பி எடுத்த படம் என்பதற்காக அந்தப் பிரிவு விலக்குத் தரவில்லை. பணம் கட்டிப் பார்ப்பவன் திரையைப் பதிவு செய்து டெலிகிராமில் போட்டுவிட்டால் மாதம் 9,000 ரூபாய் வேலை ஆயுளுக்கும் கூட வரும். தோழியையும் வில்லியாக நினைக்க வேண்டாம், அவளுக்கும் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவளிடம் ஒன்று கேளுங்கள்: "உனக்கு எதுக்கும்மா இப்போ பணம் தேவைப்படுது?" ஹாஸ்டல் கட்டணமாக இருக்கலாம், பழைய கடனாக இருக்கலாம், யாராவது மிரட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பதிலைக் கேட்டு உதவுவதுதான் மாமாவின் வேலை.

கையெழுத்துப் போட்டு, காசு வாங்கி நடித்துவிட்டு, பிறகு ஏமாந்துவிட்டேன் என்று வழக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்? — கோபத்துடன் ஒருவர்

உங்கள் கோபத்துக்குப் பதிலாக ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

சான் டியாகோவில் 'கேர்ள்ஸ் டூ போர்ன்' என்றொரு நிறுவனம் இயங்கியது. மாடலிங் வேலை என்று விளம்பரம் செய்யும். இருபது வயதை ஒட்டிய பெண்கள் விண்ணப்பித்ததும் விஷயத்தை மெல்ல மாற்றும். இது இணையத்தில் வராது, தூர தேசத்தில் டி.வி.டி.யாக மட்டும் விற்போம் என்று சத்தியம் செய்யும். ஏற்கெனவே நடித்தவர்கள் என்று சொல்லிச் சில பெண்களைப் போனில் பேச வைத்து நம்ப வைக்கும். ஹோட்டல் அறைக்கு வந்த பின் படிக்க நேரம் தராமல் காகிதங்களை நீட்டிக் கையெழுத்து வாங்கும். சில வாரங்களில் படம் இணையத்தில் ஏறியிருக்கும். அந்தப் பெண்களின் ஊரிலும் கல்லூரியிலும் சொந்தக்காரர்களின் போனிலும் அது பரவும்.

22 பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2020 ஜனவரியில் நீதிமன்றம் அவர்களுக்குச் சுமார் 1.28 கோடி டாலர் வழங்கச் சொன்னது. படங்களின் உரிமையையும் அந்தப் பெண்களுக்கே மாற்றியது. தப்பியோடிய தலைவன் 2022 டிசம்பரில் மாட்ரிட்டில் பிடிபட்டான். 2025-இல் அவனுக்கு 27 ஆண்டுச் சிறை. அந்தப் படங்களால் காசு பார்த்த பெரிய இலவசத் தளத்தின் தாய் நிறுவனமும் 2023 டிசம்பரில் அரசுத் தரப்போடு உடன்பாடு செய்து, 18 லட்சம் டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது.

அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். பொய்யைச் சொல்லி வாங்கிய கையெழுத்தை அந்த நீதிமன்றம் சம்மதமாக ஏற்கவில்லை. நம் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின் விளக்கம், படம் எடுக்கச் சம்மதித்த பெண் அதைப் பிறருக்குக் கொடுக்கச் சம்மதிக்காதபோது அதைப் பரப்புவது குற்றம் என்கிறது. எடுக்க விட்டது வேறு, ஊருக்குக் காட்ட விட்டது வேறு.

நேர்மையாக நடத்தப்படும் படப்பிடிப்பிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. காட்சிக்கு இவ்வளவு என்று ஒரே தடவை சம்பளம். பத்து ஆண்டு கழித்தும் அந்தக் காட்சி காசு ஈட்டிக்கொண்டிருக்கும், நடித்தவளுக்கு அதில் ஒரு சல்லி வராது. அவள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பின் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாலும் உரிமை தயாரிப்பாளரிடம்தான். இருபது வயதில் கொடுத்த சம்மதம் அறுபது வயது வரை செல்லும் என்று எழுதி வாங்குவது எப்படி நியாயமாகும்?

படத்தில் வருபவர்களைப் போல என்னால் முடிவதில்லை. என் உடம்பில் குறையா? — 24 வயது

இல்லை தம்பி. நீங்கள் பார்ப்பது பல மணி நேரப் படப்பிடிப்பை வெட்டி ஒட்டிய சில நிமிடங்கள். அவர்களில் பலர் மாத்திரை போட்டும், சிலர் உறுப்பிலேயே ஊசி போட்டும்தான் அப்படி நிற்கிறார்கள். ஊசிக்குப் பின் விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் அவசர சிகிச்சை வேண்டும், விட்டால் நிரந்தரச் சேதம். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த விறைப்பு மாத்திரைகள் உயிருக்கே ஆபத்து.

விசாவும் மாஸ்டர்கார்டும் இந்தத் தளங்களைக் கைவிட்டது நல்லதுதானே? — ஆவடி வாசகர்

பாதி நல்லது. 2020 டிசம்பரில், சிறார் வன்கொடுமைக் காட்சிகள் ஒரு பெரிய தளத்தில் கிடப்பது பத்திரிகையில் வெளியானதும் இரண்டு கார்டு நிறுவனங்களும் அங்கே பணம் செலுத்துவதை நிறுத்தின. சில நாளில் அந்தத் தளம், யார் ஏற்றியது என்று உறுதிசெய்யப்படாத காணொளிகளை எல்லாம் இறக்கியது. ஒரு கோடி அளவுக்கு இருக்கும். பாதிக்கப்பட்ட பெண்கள் வருடக்கணக்கில் கெஞ்சியும் நடக்காதது, கார்டு நின்றதும் நடந்தது. 2021 அக்டோபரில் மாஸ்டர்கார்டு, காட்சியில் வரும் ஒவ்வொருவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் இருக்க வேண்டும் என்று விதித்ததையும் வரவேற்கிறேன்.

அந்த அடி தப்புச் செய்யாதவர்கள் மேலும் விழுந்தது. தன் சொந்தப் படத்தைத் தானே விற்றுப் பிழைத்தவளின் வருமானமும் அன்றே நின்றது. இலவசத் தளங்களுக்கு விளம்பரக் காசு தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது.

பார்க்கிறேன், பிறகு மனம் உறுத்துகிறது. காசு கொடுத்துப் பார்த்தால் சரியாகிவிடுமா? — கடலூர்

காசு கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். இலவசமாகக் கிடைப்பதில் திருடி ஏற்றியதும், ஒளிந்திருந்து எடுத்ததும், காதலன் பழிவாங்கப் போட்டதும் கலந்தே இருக்கும். பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. "ரகசிய கேமரா", "தெரியாமல் எடுத்தது" என்று தலைப்பிட்டதைத் திறக்கவே திறக்காதீர்கள். உங்கள் உறுத்தலை நான் மதிக்கிறேன். அது தூக்கத்தையோ வேலையையோ மனைவியோடு பேச்சையோ கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வாட்ஸாப் குழுவில் வந்த ஒரு காணொளியில் இருப்பது சிறுமி போலத் தெரிகிறது. என்ன செய்ய?

புகார் கொடுப்பதற்காகக்கூட யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். cybercrime.gov.in என்ற அரசுத் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தரவிறக்கி வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்றது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று அதை ரத்து செய்துவிட்டது. அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதே உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கலாம்.

பழைய காதலன் எங்கள் படத்தைப் போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறான். அம்மாவுக்குத் தெரிந்தால் செத்துவிடுவேன். — ஒரு தங்கை

தப்பு உன்னுடையது இல்லையம்மா. நம்பியது குற்றமே இல்லை. அவன் அனுப்பியதை எல்லாம் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பான். 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' தளத்தில் பதிந்தால் உன் படம் உன் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணடையாளம் மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதைப் பார்த்துத் தடுக்கும். உனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் அதற்கென 'டேக் இட் டவுன்' என்ற சேவை தனியாக இருக்கிறது. மீறி ஏறிவிட்டால், நீ புகார் தந்த 2 மணி நேரத்துக்குள் தளம் அதை நீக்க வேண்டும் என்கின்றன 2026-இல் திருத்தப்பட்ட இந்திய விதிகள். சைபர் கிரைம் காவல் பிரிவில் எழுத்தில் புகார் கொடு, தனியாகப் போகாதே.

சாக வேண்டும் என்ற நினைப்பு அழுத்தினால் இந்த நிமிடமே 104-க்கு அழை. அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் சித்தியோ, அண்ணியோ, ஆசிரியையோ ஒருவரிடம் இன்றே சொல். உன் ஊரை எழுதாமல் விட்டுவிட்டாய். மறுபடி எழுது, உன் மாவட்டத்தில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன்.