கணக்கில் சேராத மொழிகள்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 34 வயது. ஒன்பது ஆண்டுகளாக என் ஓய்வு நேரம் முழுவதும் மொழிகளைக் கற்பதிலேயே கழிகிறது. ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், போர்த்துகீசியம், ஜெர்மன், துருக்கியம் என்று இதுவரை 11 மொழிகள். ஒவ்வொன்றிலும் கால் மணி நேரமாவது தடையின்றிப் பேச முடியும். தமிழ், மலாய், ஆங்கிலம், கடைவீதிக் கெந்தோனீஸ் சீனம் ஆகியவை தானாக வந்தவை என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்ப் படிப்பு ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. அம்மா இறந்தபின் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. இந்த ஆர்வம் தீவிரமானது அதற்குப் பிறகுதான்.

கர்தினால் மெசொஃபாந்தி போன்ற பன்மொழியாளர்களைப் பற்றிப் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. பன்னிரண்டாவதாக நான் எதைக் கற்கலாம்? அருகிவரும் பூர்வகுடி மொழி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா? இந்த வயதுக்குமேல் நினைவாற்றல் குறையுமா? கருவிகளே மொழிபெயர்க்கும் காலத்தில் இந்த உழைப்பு வீணா? தமிழில் எழுதி வெகுநாளாகிறது. பிழைகளைப் பொறுத்தருள்க.

(பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள தம்பிக்கு,

பிழைகளைத் திருத்தியே கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். அவை எப்படி வந்தன என்பதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன் என்பதால் மற்றக் கேள்விகளை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 34 வயதில் நினைவாற்றலுக்காகக் கவலைப்படாதீர்கள். கருவிகளைப் பற்றிய கேள்விக்கு, ஒன்பது ஆண்டுகளின் மாலைப்பொழுதுகளை மனமுவந்து கொடுத்த உங்களுக்கே விடை தெரியும்.

என்னை நிறுத்தி வைத்தது, நான்கு மொழிகள் தானாக வந்தன என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வாக்கியம். சில வாரங்களாகவே இது என் மனத்தில் இருந்து வந்தது. இங்கே பினாங்கில், இடைநிலைப்பள்ளி ஒன்றில் பணிபுரியும் தமிழாசிரியை ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால்தான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த முடியும் என்பது நம் மலேசிய நாட்டு விதி. அந்தப் 15 பேரைத் திரட்ட அவர் வீடு வீடாகப் போயிருக்கிறார். பல வீடுகளில் அவருக்குக் கிடைத்த மறுமொழி, "தமிழ்தானே டீச்சர், அது தானாக வந்துவிடும்" என்பது. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அடுத்த நாள் உங்கள் கடிதத்தில் அதே வாக்கியத்தைப் படித்தேன். உங்களிடம் சற்றுக் கடுமையாகப் பேசப்போகிறேன் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

எந்த மொழியும் எவருக்கும் தானாக வந்ததில்லை, தம்பி. மலாக்காவுக்குப் போய்ப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில், சுல்தான்களின் காலத்தில், வணிகத்துக்காக வந்து அந்த மண்ணிலேயே மணம்புரிந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோர் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. போகியன்று மறைந்தவர்களுக்குப் படைக்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது மலாயை அடியாகக் கொண்டு உருவான, அவர்களுக்கே உரிய ஒரு மொழி. அது எவ்வகையிலும் குறைந்ததன்று. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழ் இரத்தத்தோடு தானாக வருமென்றால், இத்தனை நூற்றாண்டுகளாகத் தெய்வத்தையும் சடங்கையும் கைவிடாத அந்தக் குடும்பங்களில் அது நின்றிருக்க வேண்டாமா? உங்களுக்குத் தமிழ் கிடைத்ததற்குக் காரணம், 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பு முதல் தோட்டத்துக் கொட்டகைப் பள்ளிகள் வரை, வசதிகள் ஏதுமில்லாத இடங்களில் நின்று யாரோ தலைமுறை தலைமுறையாகக் கற்பித்ததுதான். அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அவர்களையே கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும்.

என் பெரியப்பா பினாங்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழ், மலாய், ஆங்கிலம், சீன மொழிகளில் ஒன்றான ஹொக்கியன் ஆகிய நான்கிலும் வாக்குமூலங்களை மொழிபெயர்ப்பார். தெலுங்கும் ஓரளவு பேசுவார். ஒருமுறை தெலுங்கு மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர் சாட்சிக்கூண்டில் ஏறினார். பெரியப்பா சிறிது நேரம் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, இவருடைய பேச்சை முழுமையாகக் கொண்டுவரும் அளவுக்குத் தமக்குத் தெலுங்கு தெரியாது, வேறொருவரை அமர்த்த வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டுக்கொண்டார். வழக்கு தள்ளிவைக்கப்பட்டதில் அலுவலகத்தில் அவருக்குக் கெட்ட பெயர். அன்று இரவு சாப்பிடும்போது, "அவரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க எனக்குத் தெலுங்கு போதும், அவர் வாழ்க்கையை என் வாயால் சொல்ல அது போதாது" என்றார். உங்கள் 11 மொழிகளில் எதில் இன்னொருவருடைய சாட்சியத்தைச் சிதையாமல் சுமக்க உங்களால் முடியும்? கால் மணி நேர உரையாடலில் நீங்கள் உங்கள் பெயரையும் ஊரையும் தொழிலையும் விருப்பங்களையும் சொல்கிறீர்கள். பதினொரு முறையும் பேசப்படுபவர் நீங்களே.

ஆனால் பெரியப்பாவிடம் நான் கற்றது வேறொன்று. தமக்கு மிகவும் கடினமான மொழி தமிழ்தான் என்று அவர் சொல்வார். ஹொக்கியன் சாட்சி வரும் நாளில் அவர் எச்சரிக்கையாக இருப்பார்; தமிழ்ச் சாட்சி வரும் நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் முந்திக்கொள்ளும் என்பதால் அதற்கு முன் இரவு அவருக்கு உறக்கம் வராது. ரப்பர் பால்வெட்டும் தோட்டத்து மக்களின் தமிழ் ஒன்று. இராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் தமிழ் மற்றொன்று. யாழ்ப்பாணத்து எழுத்தர்களின் தமிழ் இன்னொன்று. இவை ஒவ்வொன்றையும் அவர் தேடிப்போய்ப் பயின்றார். சூலியா தெருவில் தெரிந்தவர்களின் கடைகளில் மாலைநேரத்தில் போய் அமர்ந்து, பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். வீட்டில் 'தமிழ் நேச'னை என் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். ஒரு வாக்கியத்தை நான் தடுமாறாமல் படித்துவிட்டால், அதை என் சொந்த வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சோறு தாமதமாகும். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய அந்த நாளேடு 2019இல் நின்றுபோனபோது நான் அழுதேன்.

நீங்கள் மெசொஃபாந்தியைப் பார்த்து ஏங்குகிறீர்கள். 1774இல் பொலோஞாவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, இத்தாலியை விட்டு வெளியே போகாமலே பல பத்து மொழிகளைப் பேசிய அவருடைய எண்ணிக்கை உங்கள் நினைவில் இருக்கிறது. அவர் கற்ற இடம் நினைவில் இருக்கிறதா? நெப்போலியன் காலத்துப் போர்களில் காயமுற்று மருத்துவமனைகளில் கிடந்த அயல்நாட்டுப் படைவீரர்களிடம், அவர்களின் பாவ அறிக்கையைக் கேட்க வேண்டிய குருவாக அமர்ந்து கற்றார். சாகும் நிலையில் இருந்த ஒருவர் தம்முடைய மொழியில் பேசிவிட்டுக் கண்மூட வேண்டும் என்ற தேவை அவரைக் கற்க வைத்தது.

அவரைவிட நமக்கு நெருக்கமான ஒருவரைச் சொல்கிறேன். தனிநாயகம் அடிகள் 1913இல் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்தவர். ஆங்கிலத்தில் படித்து, உரோமையில் குருத்துவக் கல்வி பெற்று, இலத்தீனும் இத்தாலியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர். வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தம் தமிழ் போதாது என்று உணர்ந்து ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தபோது அவருக்கு 32 வயது. உங்களைவிட இரண்டே வயது குறைவு. தாய்மொழி தானாக வந்துவிட்டது என்று அவரும் இருந்திருந்தால், 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்துகளில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய நூலையும், போர்த்துகீசியப் பாதிரியார் அந்தாவ் தெ புரோவென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகீசிய அகராதியையும் நம் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. போர்த்துகீசியம் அறிந்த ஐரோப்பியர் எத்தனையோ பேர் அந்த நூலகங்களுக்குள் போய்வந்திருப்பார்கள். தமிழும் அறிந்து போனவர் அடிகளார். அவர் சேர்த்த மொழிகள் எல்லாம் தமிழை நோக்கித் திரும்பியபோது வேலை செய்யத் தொடங்கின. 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது அவருடைய உழைப்பினால்தான்.

பூர்வகுடி மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிளந்தானில் சுங்கை ருவாலில் ஏறத்தாழ 280 பேர் பேசும் ஜெடெக் மொழியை 2018இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். அங்குள்ள மற்றொரு பூர்வகுடி மொழியான ஜஹாயை ஆராயப் போனவர்கள், அந்த ஊரில் பலர் பேசுவது வேறொரு மொழி என்று கண்டார்கள். பொறுமையாகச் செவிகொடுத்ததனால் கிடைத்தது அது. அந்த 280 பேர் உங்கள் பட்டியலின் பன்னிரண்டாவது வரிக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர். அவர்களோடு ஆண்டுக்கணக்கில் இருக்க முடியுமானால் போங்கள். இல்லையென்றால் தயவுசெய்து போகாதீர்கள்.

கடைசியாக, உங்கள் அம்மா. கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு முதல் சொல்லைச் சொல்லிக்கொடுத்தவர் போனபின், வீட்டில் விழுந்த அமைதியை நிரப்ப 11 மொழிகளைக் கொண்டுவந்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்த உழைப்பை நான் குறைத்தும் மதிப்பிடவில்லை. ஆனால் அவர் பேசிய தமிழை உங்களைத் தவிர வேறு யார் வைத்திருக்கிறார்கள்? அவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், சமையலறையில் என்ன சொல்லுவார், கோபத்தில் எப்படித் திட்டுவார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். எழுத வராத இடங்களில் உங்கள் தமிழ் எங்கே நின்றது என்று தெரியும். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

புரோவென்சாவின் அகராதியை அடிகளார் 1966இல் கோலாலம்பூரிலேயே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். செந்தூலிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் தொலைவில்லை. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். போர்த்துகீசியம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அந்த நூலின் தமிழ்ப் பக்கத்தையும் படிக்க முடிகிறபோது மறுபடி எழுதுங்கள். என்ன கண்டீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.