சர்க்கரை நோய் வந்த பூனைக்கு வீட்டில் சுகர் பார்க்க எந்த மீட்டர் வாங்குவது?

நீங்கள் கேட்டது இதுதான்: பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லி இன்சுலினும் ஆரம்பித்தாகிவிட்டது, வீட்டிலேயே சுகர் பார்க்கச் சொல்கிறார் டாக்டர், அப்பாவுக்கு வாங்கிய மெஷினே போதுமா, இல்லை விலங்குகளுக்கென்று தனியாக விற்பதைத்தான் வாங்க வேண்டுமா?

மனிதர்களுக்கான மெஷினே போதும். எங்கள் வீட்டுப் பூனை மாயாண்டிக்கு அதில்தான் பார்க்கிறோம். ஆனால் கையில் கிடைத்த எதையாவது எடுத்து ஆரம்பித்துவிடாதீர்கள், இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: ஸ்ட்ரிப்புக்கு எவ்வளவு ரத்தம் தேவை, அந்த ஸ்ட்ரிப் தெருமுனை மெடிக்கலில் எப்போது போனாலும் கிடைக்குமா. மெஷின் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காசெல்லாம் ஸ்ட்ரிப்பில்தான் போகும். ஒரு நாளைக்கு இரண்டு ஊசி என்றால் ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்ட்ரிப், நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க இன்னும் ஒன்றிரண்டு, ரத்தம் போதாமல் வீணாவது தனிக் கணக்கு.

விலங்குகளுக்கென்றே வரும் மீட்டர்களில் பேர்போனது சொயெட்டிஸ் கம்பெனியின் ஆல்ஃபாட்ராக். 0.3 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், பூனைக்கும் நாய்க்கும் தனித்தனி அமைப்பு உண்டு, துல்லியமும் அதிகம். ஏன் தனி அமைப்பு என்றால், மனித ரத்தத்தில் குளுக்கோஸில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, பூனைக்கு ஏறக்குறைய முழுவதும், அதாவது 93 சதவீதம், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே இருக்கிறது. மனித மெஷின் மனிதக் கணக்கை வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்வதால் பூனைக்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். சுகர் ஏற ஏற இந்த வித்தியாசமும் ஏறும்.

வசதி இருந்து, ஸ்ட்ரிப் தடையில்லாமல் வந்து சேரும் என்ற உறுதியும் இருந்தால் தாராளமாக அதையே வாங்குங்கள். நான் கேட்டுப் பார்த்த மெடிக்கல் எதிலும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஸ்ட்ரிப் தீர்ந்துபோனால் எவ்வளவு துல்லியமான மெஷினும் சும்மா கிடக்கும். என்னைக் கேட்டால், துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தினமும் பார்க்க முடிகிற மெஷின்தான் உசத்தி.

சரி, மனித மெஷினில் எது? பூனையின் காதில் வருவது கடுகளவு ரத்தம்தான், அதுவும் நல்ல நாளில். அதனால் 1 முதல் 2 மைக்ரோலிட்டர் கேட்கும் அக்யூ-செக் ஆக்டிவ் மாதிரி மெஷின் வேண்டாம், அப்பாவிடம் இருப்பது அதுவென்றால் அது அப்பாவிடமே இருக்கட்டும். அக்யூ-செக் இன்ஸ்டன்ட், கான்டூர் பிளஸ் இரண்டுக்கும் 0.6 போதும். கான்டூர் பிளஸில் முதல் சொட்டு பற்றாவிட்டால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு சொட்டு சேர்க்கக் கொஞ்சம் அவகாசம் தரும், காதை உதறிக்கொண்டு ஓடப் பார்க்கிற ஜீவனிடம் இது எவ்வளவு பெரிய உதவி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் வைத்திருப்பது அதுதான்.

ரத்தம் எடுக்கும் இடம் காது மடலின் வெளி ஓரம். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தையொட்டி மெல்லிய நரம்பு ஓடுவது தெரியும். அந்த நரம்பையே குத்த வேண்டாம், அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் குத்தினால் போதும். அதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் காதில் வையுங்கள், பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துவிடும். ஸ்பிரிட் வேண்டாம், வாசனைக்கே எழுந்து போய்விடும். முடி அதிகமுள்ள காதென்றால் துளியூண்டு வாசலின் தடவினால் ரத்தம் முடிக்குள் பரவாமல் குண்டாக நிற்கும், ஆனால் ஸ்ட்ரிப் முனையில் வாசலின் படக்கூடாது. காதுக்கு அடியில் மடித்த பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குத்துகிற லான்செட் ஊசி உங்கள் விரலுக்கு வந்துவிடும். முடிந்ததும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, அதற்குப் பிடித்த கோழித்துண்டு ஒன்று. மாயாண்டி இப்போது கோழிக்காகவே மெஷின் சத்தத்துக்கு வந்து உட்காருகிறான்.

அடுத்து எண்கள். மனித மெஷின் குறைத்துக் காட்டுவதால் ‘இதோடு 30 கூட்டிக்கொள், 40 கூட்டிக்கொள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வித்தியாசம் எல்லா அளவிலும் ஒன்றாக இருக்காது. ‘எப்படியும் குறைத்துத்தானே காட்டும்’ என்ற தைரியத்தில் 55 காட்டும்போது வழக்கமான ஊசியைப் போடுவது பெரிய வம்பு. மனித மெஷினில் 50க்குக் கீழே போனால் ஆபத்து என்று எடுத்துக்கொள்வது வழக்கம், விலங்கு மீட்டரில் அதே எல்லை 70ஐ ஒட்டி வரும். உங்கள் டாக்டரிடம் எந்த மெஷின் என்று சொல்லி, அந்த மெஷினுக்கு எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக்கூடாது என்று கேட்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். சுகர் இறங்கித் தள்ளாடினால் உடனே சாப்பாடு, சாப்பிடாவிட்டால் ஈறில் தேன் அல்லது குளுக்கோஸ் கரைசல் தடவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். வலிப்பில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் 350 காட்டி வீட்டில் 220 காட்டினால் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோய் மேசையில் நாலு பேர் பிடித்தால் நோயே இல்லாத பூனைக்குக்கூடச் சுகர் 300க்கு மேல் எகிறும், வீட்டில் பார்க்கச் சொல்வதே அதனால்தான். மெஷினைச் சரிபார்க்க வேண்டுமென்றால் டாக்டர் ரத்தம் எடுக்கும்போது உங்கள் மெஷினையும் கொண்டுபோங்கள், அதே சிரிஞ்சிலிருந்து ஒரு சொட்டு உங்கள் ஸ்ட்ரிப்புக்கு, மீதி லேபுக்கு. லேபுக்குப் போகும் ரத்தம் ஃப்ளோரைடு குழாயில் போக வேண்டும், இல்லையென்றால் வழியிலேயே அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுவிடும், ஒப்பிட்டும் பயனில்லை.

அப்புறம் ஒன்று, மீட்டர் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். எண் திடீரென்று தாறுமாறாக வந்தால் முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ள இன்சுலினும் பக்கத்துப் பக்கத்தில் விற்கிறார்கள், சிரிஞ்சும் இரண்டு வகை, சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. பூனைகளுக்கு அதிகம் எழுதிக்கொடுக்கும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும்.

குத்தவே விடாத பூனையென்றால் தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுகர் பார்க்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரை ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். 14 நாளுக்கானது, பூனை அதற்கு முன்பே பிய்த்துப் போடவும் வாய்ப்புண்டு. தோலடி நீரில் அளப்பதால் ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும், 40க்குக் கீழே எண் காட்டாது, அதனால் அது ரொம்பக் குறைத்துக் காட்டும்போது ஒரு முறையாவது காதில் குத்திப் பார்த்தாக வேண்டியிருக்கும். மருந்தின் அளவை மாற்றும் வாரங்களில் சென்சார், மற்ற நாளில் ஸ்ட்ரிப் என்று வைத்துக்கொண்டால் செலவும் கட்டுப்படியாகும்.