மே மாதத்தில் கொதிக்கும் கிராஃபிக்ஸ் கார்டு: மாற்ற வேண்டுமா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு, ஏசி கிடையாது. போன டிசம்பரில் ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, நானும் என் தம்பியும் வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட், 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஜனவரியில் கேம் ஆடும்போது கார்டு 72 டிகிரி காட்டும். இப்போது அரை மணி நேரத்திலேயே 87க்குப் போய்விடுகிறது. ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது, கேம் விட்டு விட்டு ஓடுகிறது. வாங்கிய கடையில் கேட்டால், “இந்த கார்டு அப்படித்தாங்க, கொஞ்சம் காசு போட்டு அடுத்த மாடலுக்கு மாறிக்கோங்க” என்கிறார்கள். மாறுவதா, வாரண்டியில் மாற்றித் தரச் சொல்வதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கார்டில் கோளாறு என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எந்தத் தடயமும் இல்லை. அதைப் பார்க்காமலே அடுத்த மாடலைக் கைகாட்டியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே கேபினட்டில், அதே அறையில், கூடுதல் கரண்ட் இழுக்கும் கார்டைப் போட்டால் சூடு இன்னும் ஏறத்தான் செய்யும்.

முதலில் ஒரு கணக்கு. கார்டில் இருக்கும் ஃபேன் காற்றை நகர்த்துமே தவிர, குளிர வைக்காது. அதனால் கார்டின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறி உட்காரும். ஜனவரி ராத்திரியில் உங்கள் அறை 26 டிகிரி இருந்திருக்கலாம். இப்போது கத்திரி வெயில். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணி வரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். கேபினட்டுக்கு வெளியே, அதன் பக்கத்தில், அறைச் சூடு காட்டும் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், 36 காட்டினால் ஆச்சரியமில்லை. அப்படியானால் 15 டிகிரி ஏற்றத்தில் 10 டிகிரி சென்னை வெயில் கொடுத்தது. நாம் தேட வேண்டியது மிச்சம் 5 டிகிரியைத்தான்.

87 ஆபத்தா என்ற பயமும் இருக்கும். 3060 கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி. அதற்கு முன்பே, பெரும்பாலான கார்டுகள் 83ஐ ஒட்டியே வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். நீங்கள் பார்க்கும் திணறல் பெரும்பாலும் அதுதான். கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இன்றைக்கே எரிந்துவிடாது, ஆனால் கோடை முழுக்க இப்படியே விடுவதும் நல்லதில்லை.

சரி, அந்த 5 டிகிரி எங்கே? ஒரே ஒரு சாயங்காலம் போதும். கார்டின் சூட்டைக் காட்டும் ஜிபியு-இசட் அல்லது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள், இரண்டும் இலவசம், ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே கேமை அரை மணி நேரம் ஆடி, ஏறி நின்ற சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே இடத்தை இன்னும் அரை மணி நேரம் ஆடுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, கேபினட்டுக்குள் காற்று வரவில்லை. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால் கோளாறு கார்டிலேயே இருக்கலாம்: சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகளில் தூசு, சிப்பிலிருந்து அந்தத் துடுப்புகளுக்குச் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்துபோனது, அல்லது சுற்றாத ஃபேன். அதே மென்பொருளில் ‘ஹாட் ஸ்பாட்’ என்று இன்னொரு எண் தெரியும், சிப்பிலேயே அதிகம் சூடான இடத்தின் அளவு அது. அது கார்டின் வழக்கமான சூட்டு எண்ணைவிட 10, 15 டிகிரி அதிகமாக இருப்பது வழக்கம். 25க்கு மேல் வித்தியாசம் வந்தால் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை என்று சந்தேகப்படலாம்.

உங்கள் விஷயத்தில் கேபினட் மேல்தான் என் சந்தேகம். முன்பக்கக் கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் காற்று அதைத் துளைத்து வராது. ஓரத்தில் இருக்கும் விரல் அகல இடுக்கு வழியாகத்தான் முன்பக்க ஃபேன்கள் மூச்சு வாங்க வேண்டும். பல மாடல்களில் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். அப்புறம் ஃபேன்கள் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று பாருங்கள். வீட்டில் அசெம்பிள் செய்யும்போது அடிக்கடி நடக்கும் தவறு இது. ஃபேனில் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். சந்தேகமாக இருந்தால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சாம்பல் உள்ளே விழாத தூரத்தில் பிடியுங்கள். முன்பக்கம் புகை உள்ளே இழுபட வேண்டும், பின்பக்கம் வெளியே தள்ளப்பட வேண்டும். பின்னாலும் உள்ளே போனால், சூடான காற்று வெளியே வழி தெரியாமல் கார்டையே சுற்றி வருகிறது என்று அர்த்தம். நான்கு திருகைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும்.

கேபினட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மரத்தில் செய்த பழைய கம்ப்யூட்டர் டேபிளில், கால் பக்கம் ஒரு பெட்டி மாதிரி இடம் இருக்குமே, அதற்குள்ளா? என் வீட்டில் போன கோடையில் இதே கதை. பேஸ்ட் வாங்கி வைத்துக்கொண்டு கார்டைப் பிரிக்கத் தயாராக இருந்தேன். தூசு தட்டுவதற்காக கேபினட்டை வெளியே இழுத்து ஒரு ஸ்டூல் மேல் வைத்து ஓட்டியபோது 84லிருந்து 76க்கு வந்து நின்றது. பேஸ்ட் இன்னும் பிரிக்கப்படாமல் டிராயரில் இருக்கிறது.

தூசுக்கும் பங்கு உண்டு. மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டோரம் என்றால் ஐந்தாறு மாதமே போதும், துடுப்புகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய துணி மாதிரி படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பால்கனிக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது கார்டின் ஃபேன் இறக்கையை ஒரு ஐஸ் குச்சியால் தடுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுவிடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

இனி காசே செலவில்லாத வேலை. உங்கள் மானிட்டர் நொடிக்கு 75 படம்தான் காட்டும். கார்டு 130, 140 படம் வரைந்து தள்ளிக்கொண்டிருந்தால், கண்ணுக்கே வராத படங்களுக்காகச் சூடேறுகிறது. கேம் செட்டிங்கில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பை 75 என்று வைத்துவிடுங்கள். அதிலும் அடங்காவிட்டால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் கரண்டின் வரம்பை, 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 170 வாட் கார்டு 136 வாட்டுக்குள் நின்றுவிடும். வேகத்தில் இழப்பு இருக்கும், ஆனால் குறைத்த கரண்ட் அளவுக்கு அது இருக்காது. கேமில் பெரும்பாலும் தெரியாது. சூடும் சத்தமும் குறைவது முதல் நாளே தெரியும்.

வாரண்டி பற்றி. இத்தனையும் செய்தபிறகும் கதவு திறந்த நிலையிலேயே 85ஐத் தாண்டினால், அல்லது கார்டின் ஒரு ஃபேன் சுற்றவே இல்லை என்றால், அது உற்பத்திக் கோளாறாக இருக்கலாம். அப்போது பேஸ்ட் மாற்றுகிறேன் என்று நீங்களே பிரிக்காதீர்கள். திருகின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்திருப்பதைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு. குறித்துவைத்த எண்களையும் ஸ்கிரீன்ஷாட்களையும் பில்லோடு கொடுங்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அதை போட்டோவும் எடுத்து வையுங்கள். வழவழப்பான தாளில் அச்சடித்த பில் நம் ஊர் வெயிலில் ஒரு வருடத்துக்குள் வெளுத்துவிடும்.

கடையும் கம்பெனியும் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டால், எழுத்தில் ஒரு மெயில் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: திருவான்மியூரில் தெரிந்தவர் ஒருவர் பழைய ஆர்டிஎக்ஸ் 3070 கார்டை நல்ல விலைக்குத் தருகிறார். பில் இல்லை. “லேசா சூடாகும், பேஸ்ட் மாத்தினா சரியாயிடும்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவ்வளவு சுலபமாகச் சரியாகும் என்றால் அவரே மாற்றி, கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கலாமே. அதைத்தான் நான் முதலில் கேட்பேன். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை முன்பு கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டிச் சம்பாதித்தார்கள், அதற்குப் பெயர் மைனிங். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் இயங்கும் முறை மாறியபின் கார்டில் அதை மைனிங் செய்ய முடியாமல் போனது. அதுவரை ராப்பகலாக ஓடிய ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கலாம், மெமரி சிப்களின் சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற பேடும் கெட்டிருக்கலாம்.

கடற்கரைப் பக்கம் இருந்த கார்டு என்பதால் டார்ச் அடித்து, செப்புக் குழாய்களில் பச்சை பூத்திருக்கிறதா, பின்பக்கத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். திருகுத் தலைகள் கீறியிருந்தால் ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். ஓரங்களில் எண்ணெய்க் கசிவு மாதிரி தெரிந்தால் அது பேடிலிருந்து வடிந்தது. அவர் வீட்டிலேயே, அவர் கம்ப்யூட்டரிலேயே, அரை மணி நேரம் கேம் ஓட்டிச் சூட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வியாபாரமாகச் செய்யாத தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் துணைக்கு வராது. தெரிந்தவர் என்பதால் நாளைக்குச் சண்டை போடவும் சங்கடமாக இருக்கும். ஓட்டிக் காட்டத் தயங்கினார் என்றால் விட்டுவிடுங்கள்.