கடவுள் நம்பிக்கையும் பரிணாமக் கொள்கையும் ஒன்றாக இருக்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லா வகை நம்பிக்கையோடும் முடியாது. உலகத்துக்கு வயது ஆறாயிரம் வருஷம்தான் என்று எழுத்துக்கு எழுத்து நம்புகிறவரிடம் சமரசம் பேச வழியில்லை. பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டுகள்.

நான் காட்பாடிப் பக்கம் உயிரியல் ஆசிரியர்; ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுகிறவனும்கூட. பத்தாம் வகுப்பில் இந்தப் பாடம் வந்தாலே, "அப்போ சாமி பொய்யா சார்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் சிலருக்குச் செடி கொடி, விலங்கு வரை சிக்கலில்லை, முதல் மனிதர் ஆதம் நபி என்று வரும்போதுதான் உறுத்தும். கத்தோலிக்கத் திருச்சபையும் 1950-லேயே கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் கோடு போட்டது: உடல் எப்படி உருவானது என்று ஆராயலாம், ஆன்மா கடவுள் தந்தது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது பக்கத்திலிருக்கும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையைப் பற்றி. ஜெபத்தோடு தொடங்கிய மிஷன் இடம் அது. தொழுநோய்க்கு முன்பெல்லாம் டாப்சோன் மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சிலவற்றுக்குத் தற்செயலான மரபணு மாற்றத்தால் அந்த மருந்து பலிக்காது. மற்றவை சாக, அவை பெருகின. அதனால்தான் 1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஒரே கிருமி எல்லா மருந்துக்கும் சேர்த்துத் தப்புவது மிக மிக அரிது. இயற்கைத் தேர்வு என்று நாம் பாடத்தில் படிப்பது இதைத்தான். ஜெபம் செய்துவிட்டு வார்டுக்குப் போகிறவர்களும் இந்தக் கணக்கை நம்பித்தான் மாத்திரை கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. 2001-ல் அந்தக் கிருமியின் மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்தபோது, வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600, பழுதாகிக் கிடப்பவை ஆயிரத்துக்கும் மேல் என்று தெரிந்தது. நம் செல்லுக்குள்ளேயே குடியிருந்து பழகியதில் தேவைப்படாதவை கெட்டுப்போய்விட்டன. அதை இன்றுவரை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாததற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

தசாவதாரமே பரிணாமம்தான், மீன், ஆமை, பன்றி என்று வரிசையாக வருகிறதே என்று சிலர் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரிணாமம் ஏணி இல்லை, கிளை கிளையாகப் பிரிவது. அவதாரக் கதைக்கு அறிவியல் சான்றிதழும் தேவையில்லை.

குரங்குக்கும் நமக்கும் பொது மூதாதை என்பது என் பக்தியை அசைத்ததில்லை. அந்தத் தொழுநோய்க் கிருமிதான் அசைக்கிறது. கரிகிரியை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பால் பிராண்ட், ஆழ்ந்த கிறிஸ்தவர், வலியைக் கடவுளின் கொடை என்று சொன்னவர். தொழுநோயில் வலி தெரியாமல் போவதால்தான் விரல்கள் காயப்பட்டு அழிகின்றன என்று கண்டவர் அவர். வலி எதற்கு என்பதற்கு அது நல்ல பதில். அந்தக் கிருமி எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சாமி கும்பிடுவதையும் நான் விடவில்லை.