புது வீடு, புது ஸ்கூல் வருஷம்: உங்க கேள்வி, என் பதில்

2026லேர்ந்து நம்ம மலேசியால ஸ்கூல் வருஷம் தொடங்குறது மறுபடி ஜனவரிக்கே வந்துடுச்சு, அதனால வருஷக் கடைசில சாவி வாங்குற குடும்பங்க எல்லாம் ஓடிக்கிட்டு இருக்காங்க. கோலாலம்பூர்ல வயரிங், கார்பெண்டர் வேல எடுத்து செய்றவன் நான். கேட்டதுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணே, செந்தூல்ல புது கொண்டோ. மகன் ஒன்னாம் ஆண்டு போகப் போறான். பெயிண்டா, வால்பேப்பரா, மேசையா, எத முதல்ல பாக்குறது?

மூனும் அப்புறம் தம்பி, முதல்ல லைட்டு. ஜனவரில நம்மூர்ல சூரியன் வர்றதுக்கே ஏழே கால் ஆயிடும், 1982ல கடிகாரத்த அர மணி நேரம் முன்னால தள்ளுனதுலேர்ந்து ஸ்கூல் போற நேரம் இருட்டுதான், வேன் ஆறரைக்கெல்லாம் கீழ வந்து நிக்கும். அதனால சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குப் போயி, மகன் படுக்கப் போற எடத்துலேர்ந்து பாத்ரூம், அங்கேர்ந்து யூனிபார்ம் மாட்டுற எடம், சப்பாத்து போடுற வாசல்னு நடந்து பாருங்க. சுவிட்ச் பெரும்பாலும் கதவுகிட்ட மட்டுந்தான் இருக்கும், கட்டில் பக்கத்துல அவன் கைக்கு எட்டுற உயரத்துல ஒரு டூ-வே சுவிட்ச், அதாவது ஒரே லைட்ட ரெண்டு எடத்துலேர்ந்தும் போட்டு அணைக்கிறது, போட்டுட்டா பிள்ளை இருட்டுல தடவ வேண்டியதில்ல. சுவர ஹேக் பண்ற, அதாவது வெட்டி ஒடைக்கிற வேல அது, பெயிண்ட்டுக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

ஆனா அதுக்கும் முன்னாடி வெடிப்பு, கசிவு, சரியா மூடாத கதவு எல்லாத்தையும் போட்டோ புடிச்சு டெவலப்பர்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க. சாவி குடுத்ததுலேர்ந்து 24 மாசம் அவங்க செலவுல சரி பண்ணித் தரணும். நீங்க ஹேக் பண்ணதுக்கு அப்புறம் போனீங்கன்னா, நீங்கதான் கெடுத்தீங்கன்னு சொல்லிடுவாங்க.

கேள்வி: பிள்ளைங்க பாத்ரூம்ல வாட்டர் ஹீட்டர் போடலாமாண்ணே?

போடுங்க தங்கச்சி, அந்தக் காலை நேரத்துக்கு சுடுதண்ணி வேணுந்தான். ஆனா ஹீட்டருக்குன்னு தனியா 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா ஒடனே கட் பண்ற சுவிட்ச் இருக்கணும், ஈரத் தரை இருக்கிற எடத்துக்கு சட்டமே அப்படித்தான். வீட்டு மெயின் டிபில (சுவிட்ச் பெட்டில) இருக்கிறது போதும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அது பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர், பிள்ளை ஒடம்புக்கு அது காவல் இல்ல. டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அமுக்கிப் பாருங்க, சுவிட்ச் கீழ விழலன்னா ஒடனே வயர்மேனக் கூப்பிடுங்க.

கேள்வி: ரெண்டு பிள்ளைங்க, ஒரு சின்ன ரூம். பில்ட்-இன் மேசை அடிச்சிடலாமா?

நானே அடிக்கிறவன், இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு வேணாம்னுதான் சொல்வேன். நாங்க அடிக்கிற மேசை 75 சென்டிமீட்டர், அது பெரியவங்க அளவு. ஏழு வயசுப் பிள்ளை அதுல ஒக்காந்தா தோள் ரெண்டும் மேல ஏறிக்கும், கால் தொங்கும், பத்து நிமிஷத்துல எந்திரிச்சு ஓடிடும், நாம படிக்க மாட்டேங்குதுன்னு திட்டுவோம். மொழங்கை மேசை மட்டத்துக்கு வரணும், பாதம் முழுசா படியணும், எட்டலன்னா கீழ ஒரு ஸ்டூல். வலது கைல எழுதுற பிள்ளைக்கு லைட் இடது பக்கத்துலேர்ந்து வரட்டும். மேற்கு ஜன்னல் ஓரம் போட்டுடாதீங்க, ஸ்கூல் விட்டு வந்து ஒக்கார்ற நேரந்தான் அங்க வெயில் கொளுத்தும். மூனாம் ஆண்டு வரைக்கும் ஹால்ல, சமைக்கிறவங்க கண்ணுல படுற மாதிரி ஒக்கார வைக்கிறதுதான் நல்லதுன்னு நெனைக்கிறேன்.

கேள்வி: கெப்போங், 12வது மாடி, வாடகை வீடு. கிரில் போடணும், ஓனர் யோசிக்கிறாரு.

பிள்ளை இருக்கிற வீட்ல இத விட்டுக் குடுக்காதீங்கக்கா. ஓனர்கிட்டயும் மேனேஜ்மென்ட்கிட்டயும் எழுத்துல வாங்கிடுங்க. முக்கியமானது, எல்லாத்தையும் அடச்சி வெல்ட் பண்ணிடாதீங்க, ஒரு கிரில் தெறக்கிற மாதிரி இருக்கணும், சாவி பக்கத்துலயே, பெரியவங்களுக்கு மட்டும் எட்டுற உயரத்துல தொங்கணும். நெருப்புன்னா சாவி தேடிக்கிட்டு நிக்க முடியாது.

கேள்வி: வீடு ஏழெட்டு மாசமா காலியா இருந்துச்சு. குடி போறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

டாய்லெட் டேங்க், தரைல தண்ணி எறங்குற ஓட்டைக்குள்ள இருக்கிற ஃபுளோர் டிராப், பால்கனி வடிகால், மூனையும் பாருங்க. தேங்குன தண்ணில ஏடிஸ் முட்டை ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா மாறிடும், அது கடிக்கிற நேரம் விடியலும் சாயங்காலமும், அதாவது பிள்ளைங்க கெளம்புற நேரமும் வெளையாடுற நேரமும். எல்லாத்தையும் ஃபிளஷ் பண்ணி, டிராப்ப கழுவி விடுங்க. பக்கத்து யூனிட்டும் காலின்னா மேனேஜ்மென்ட்கிட்ட சொல்லி அதையும் பாக்க வைங்க.

கேள்வி: சப்பாத்து காயவே மாட்டேங்குது, பால்கனில துணி போடக் கூடாதுன்னு ரூல்ஸ் வேற.

ரெண்டு ஜோடி வாங்கிடுங்க. இப்ப கறுப்பு சப்பாத்துதான், அதனால வெள்ளை அடிக்கிற வேல இல்ல. யார்டுல, அதாவது துணி காயப் போடுற எடத்துல ஒரு சுவர் ஃபேன் மாட்டி, உள்ள பேப்பர் திணிச்சு வைங்க.

கேள்வி: ஸ்கூல் வேனுக்கு எப்ப சொல்லணும்?

வீடு முடிவானதுமே. புது தாமானுக்கு (குடியிருப்புக்கு) வேன் வருதான்னு முதல்ல கேளுங்க, எந்த கேட்ல ஏத்துவாருன்னு பேசிட்டு, ஜாகாகிட்ட (காவலாளிகிட்ட) வேன் நம்பர குடுத்து வச்சிடுங்க, இல்லன்னா முதல் நாள் காலைலயே உள்ள விட மாட்டேன்னு நிறுத்திடுவாங்க.