தோட்டத்தை விற்றா டாக்டர் படிப்பு?

கானாவின் குமாசி நகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டாள். கணக்கில் முதல் தரம், உயிரியல் சுமார். தாய்மாமனோ மருத்துவம்தான் என்கிறார். அகான் குடும்பங்களில் தாய்மாமன் பேச்சை எளிதில் தட்ட முடியாது. முழுக் கட்டணமும் கட்டிச் சேரும் கட்டணப் பிரிவில் இடம் வாங்க, கொக்கோ தோட்டத்தை விற்கவும் பேச்சு நடக்கிறதாம்.

அம்மா, கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆறு ஆண்டுப் படிப்பு, அதன் பிறகு பயிற்சிக் காலம். தோட்டம் போனால் இளைய பிள்ளைகளின் படிப்பும் போகும். விற்காதீர்கள், இதில் மறுபேச்சே இல்லை.

நர்சிங், பார்மசி பற்றி உறவினர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். உங்கள் ஊரின் குவாமே இன்க்ரூமா பல்கலைக்கழகத்திலேயே வானிலை, காலநிலை அறிவியல் பட்டப்படிப்பு இருப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கே ஆண்டுகள்.

மழை வருமா என்று டிவியில் சொல்வது மட்டுமல்ல இந்த வேலை. தமாலே போன்ற வடக்கத்திய ஊர் ஒன்றின் 60 ஆண்டு இரவு வெப்பநிலை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பின்வந்த ஒவ்வோர் ஆண்டோடும் ஒப்பிட வேண்டும்: கூடியிருந்தால் கூட்டல் ஒன்று, குறைந்திருந்தால் கழித்தல் ஒன்று. மொத்தம் 1,770 ஜோடிகள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சூடு உண்மையிலேயே ஏறுகிறதா என்று தெரியும்; இது மான்-கெண்டல் சோதனை. ஒவ்வொரு ஜோடியிலும் ஆண்டுக்கு எத்தனை டிகிரி மாறியது என்று கண்டு, வரிசையில் நடுவில் நிற்பதை எடுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு சூடு ஏறுகிறது என்று தெரியும். கொல்கத்தாக்காரர் பிரணாப் குமார் சென் 1968இல் வெளியிட்ட வழி. சஹாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் என்ற வறண்ட காற்றால் ஓராண்டு தாறுமாறாகக் குளிர்ந்தாலும் இந்தக் கணக்கு கவிழாது.

கூட்டல் கழித்தலைக் கணினி செய்துவிடும். ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம்தான். வெப்பமானிக் கூண்டை எந்த ஆண்டு இடம் மாற்றினார்கள், சுற்றிலும் கட்டடங்கள் எப்போது முளைத்தன, ஏறியது காலநிலையா ஊர்ச்சூடா என்று பதிவேட்டைப் புரட்டிப் பிரித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். வானிலை முகமை ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டாம்: பயிர்க் காப்பீடு, மின்தேவை, மலேரியாத் தடுப்பு எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. மேற்படிப்புக்கு, ஜெர்மனி அரசின் நிதியுதவியோடு அக்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட வாஸ்கால் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் காலநிலை ஆய்வு அமைப்பு உதவித்தொகை தருகிறது, போட்டி உண்டு.

பள்ளி வெப்பமானியைப் பார்த்துத் தினமும் வரைபடம் போடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோயாளிகளைப் பற்றி அவள் பேசியதாக ஒரு வரிகூட இல்லை.

விண்ணப்பத்தில் முதல் விருப்பம் இது, அடுத்தது புள்ளியியல். கட்டணப் பிரிவுக்குச் சம்மதம் என்று எங்கும் குறிக்காதீர்கள்; அதில் இடம் கிடைத்துவிட்டால் மாமாவை யாராலும் நிறுத்த முடியாது.